கைனேஸ் செயல்பாட்டை அளக்கும் ஒளிரும் பெப்டைடுகள்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் லேபுக்கு வரும் எம்.எஸ்ஸி. மாணவர்கள், புதிதாகச் சேரும் ஆராய்ச்சி மாணவர்கள், வேதியியலிலிருந்து இந்தப் பக்கம் வருபவர்கள் என எல்லோரும் பிளேட் ரீடர் (பல குழிகள் உள்ள தட்டின் ஒளிர்வை அளக்கும் கருவி) முன்னால் உட்கார்ந்ததும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் சொன்ன வார்த்தைகளிலேயே ஒரு நோட்டில் குறித்து வந்தேன். அந்த நோட்டைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன். எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலும் பிகேஏ என்ற கைனேஸும் சாக்ஸ் என்ற ஒளிர்மூலக்கூறும்தான் வரும். நான் அதிகம் கையாண்டவை அவைதான்.

கைனேஸ் என்றால் என்ன? அதை எதற்கு அளக்க வேண்டும்?

செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியின் கடைசிப் பாஸ்பேட்டை எடுத்து, ஒரு புரதத்தில் இருக்கும் செரின், திரியோனின் அல்லது டைரோசின் மீது ஒட்டும் என்சைம்தான் புரதக் கைனேஸ். பாஸ்பேட் ஒட்டிய இடத்தில் எதிர்மின்னேற்றம் கூடுகிறது. அதனால் அந்தப் புரதத்தின் வடிவமோ, அது யாரோடு சேரும் என்பதோ மாறுகிறது. பாஸ்படேஸ் வந்து பாஸ்பேட்டைக் கழற்றினால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். செல்லுக்கு வெளியிலிருந்து வரும் செய்தி உள்ளே போய்ச் சேருவது பெரும்பாலும் இப்படி ஒட்டியும் கழற்றியும்தான். பயந்தால் சுரக்கும் அட்ரினலின் கல்லீரல் செல்லின் மேலுள்ள ஏற்பியில் உட்கார்ந்ததும் உள்ளே சைக்ளிக் ஏஎம்பி என்ற சிறு செய்தி மூலக்கூறு பெருகும். அது பிகேஏவை எழுப்பும். பிகேஏ இன்னொரு கைனேஸை எழுப்பும். கடைசியில் கிளைக்கோஜன் உடைந்து குளுக்கோஸாகும். இந்தப் பாஸ்பேட் ஒட்டும் வேலையை 1950-களில் கண்டுபிடித்த எட்மண்ட் ஃபிஷருக்கும் எட்வின் கிரெப்ஸுக்கும் 1992-இல் நோபல் பரிசு கிடைத்தது.

மனித ஜீனோமில் கைனேஸ்களை 2002-இல் எண்ணியபோது 518 வந்தது. அவற்றில் ஒன்று அடங்காமல் வேலை செய்தாலே புற்றுநோய் வரலாம். நாள்பட்ட மைலாய்டு லுக்கேமியாவில் அப்படி அடங்காத ஒரு டைரோசின் கைனேஸைத் தடுக்கும் இமாட்டினிப் 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இத்தகைய மருந்து உண்மையில் என்சைமைத் தடுக்கிறதா என்று தெரிய, என்சைம் எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்று அளந்தாக வேண்டும்.

வெஸ்டர்ன் பிளாட்டில் பட்டை தெரிகிறதே மேடம், அது போதாதா?

ஆன்டிபாடியால் ஒரு புரதத்தைப் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்னில் தெரிவது அந்தப் புரதம் எவ்வளவு இருக்கிறது என்பது. எவ்வளவு வேலை செய்கிறது என்பது வேறு விஷயம். பிகேஏவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓய்வில் இருக்கும்போது இரண்டு வேலை செய்யும் துணை அலகுகளை இரண்டு கட்டுப்படுத்தும் துணை அலகுகள் பிடித்து வைத்திருக்கும். சைக்ளிக் ஏஎம்பி வந்து கட்டுப்படுத்தும் அலகுகளில் ஒட்டியதும் பிடி தளர்ந்து என்சைம் வேலையைத் தொடங்கும். முன்னும் பின்னும் புரதத்தின் அளவு அதேதான். பட்டையும் அதேதான்.

பாஸ்பேட் ஒட்டிய புரதத்தை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடி வைத்துப் பார்க்கலாமே என்று அடுத்துக் கேட்பார்கள். பார்க்கலாம், நல்ல முறைதான். ஆனால் அது ஒரு நொடியில் எடுத்த புகைப்படம். அதில் தெரிவது கைனேஸ் ஒட்டியதற்கும் பாஸ்படேஸ் கழற்றியதற்கும் இடையில் மிஞ்சியது மட்டுமே.

ஏழெட்டு அமினோ அமிலம் உள்ள பெப்டைடை (சிறு புரதத் துண்டை) என்சைம் எப்படிச் சப்ஸ்ட்ரேட்டாக (தான் வேலை செய்யும் பொருளாக) எடுத்துக்கொள்ளும்? முழுப் புரதம் வேண்டாமா?

பல கைனேஸ்களுக்கு வேண்டாம். அவை பாஸ்பேட் ஒட்டும் இடத்தையும் அதன் அக்கம்பக்கத்தையும் பார்த்தே அடையாளம் காண்கின்றன. பிகேஏவுக்கு, செரினுக்கு இரண்டு, மூன்று இடம் முன்னால் ஆர்ஜினின் இருந்தால் மிகவும் பிடிக்கும். கல்லீரலின் பைருவேட் கைனேஸ் என்ற புரதத்தில் பிகேஏ பாஸ்பேட் ஒட்டும் பகுதியை மட்டும் வெட்டி எடுத்ததுபோல் 1970-களில் செய்யப்பட்டது கெம்ப்டைடு. லியூசின், ஆர்ஜினின், ஆர்ஜினின், அலனின், செரின், லியூசின், கிளைசின் என்று ஏழே அமினோ அமிலம். இன்றும் பிகேஏ அளப்பவர்கள் இதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

எல்லாக் கைனேஸும் இப்படி எளிதில் ஏமாறாது. எர்க் என்ற கைனேஸ் போன்றவை செரினுக்கோ திரியோனினுக்கோ அடுத்துப் புரோலின் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நில்லாமல், புரதத்தின் வேறொரு பகுதியையும் பிடித்துப் பார்க்கும். அதனால் வரும் தொல்லையை லைசேட் (செல்லை உடைத்துக் கிடைக்கும் கரைசல்) பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

பாஸ்பேட் ஒளிராதே. அது ஒட்டினால் எப்படி வெளிச்சம் வரும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பாஸ்பேட்டுக்கு நிறமும் இல்லை, ஒளிர்வும் இல்லை. அதனால் பாஸ்பேட்டின் வருகையைக் கவனித்து, தான் ஒளிரும் இன்னொரு மூலக்கூறைப் பெப்டைடில் பக்கத்திலேயே வைக்க வேண்டும். அமெரிக்காவின் எம்ஐடியில் பார்பரா இம்பீரியாலியின் குழு 2003-இல் வெளியிட்ட வழி இதில் அழகானது. அவர்கள் வைத்தது 8-ஹைட்ராக்ஸிகுயினோலின் குடும்பத்தைச் சேர்ந்த, சல்ஃபோனமைடு சேர்த்த ஒரு மூலக்கூறு. சுருக்கமாகச் சாக்ஸ் என்கிறார்கள்.

சாக்ஸ் தனியாக இருக்கும்போது மங்கல்தான். ஒளியை உறிஞ்சியதும் அதன் ஹைட்ராக்ஸில் குழுவிலுள்ள புரோட்டான் பக்கத்து நைட்ரஜனிடம் தாவிவிடும். வாங்கிய ஆற்றல் ஒளியாக வெளியே வராமல் வீணாகிறது. அதே ஆக்ஸிஜனும் நைட்ரஜனும் சேர்ந்து ஒரு மெக்னீசியம் அயனியைக் கவ்விக்கொண்டால் புரோட்டான் தாவ வழி இல்லை. அப்போது நன்றாக ஒளிரும். ஆனால் சாக்ஸ் ஒன்றே மெக்னீசியத்தை இறுகப் பிடிக்காது. பெப்டைடில் பாஸ்பேட் வந்து உட்கார்ந்ததும், அதன் எதிர்மின்னேற்றம் கொண்ட ஆக்ஸிஜன்களும் மறுபக்கத்திலிருந்து அதே மெக்னீசியத்தைப் பிடிக்கும். இரண்டு கை சேர்ந்ததும் பிடி இறுகுகிறது, வெளிச்சம் பல மடங்கு கூடுகிறது. 360 நானோமீட்டரில் ஒளியூட்டி 485 நானோமீட்டரில் படிக்கிறோம்.

இரண்டு கைகளும் எட்டும் தொலைவில் இருக்க வேண்டும் என்பதால் சாக்ஸை எங்கே வைப்பது என்பது முக்கியம். முதலில் பெப்டைடில் ஒரு சிறு வளைவு வைத்து இரண்டையும் நெருக்கினார்கள். அந்த வளைவு கைனேஸ் தேடும் வரிசையின் ஒரு பக்கத்தைத் தின்றுவிட்டது. பிறகு சிஸ்டீனில் சாக்ஸைத் தொங்கவிட்டு, பாஸ்பேட் இடத்திலிருந்து இரண்டு அமினோ அமிலம் தள்ளி வைத்தார்கள். வளைவு தேவைப்படவில்லை, வரிசையின் இரண்டு பக்கமும் என்சைமுக்குக் கிடைத்தது.

அப்படியானால் எல்லா உணரிகளும் மெக்னீசியத்தை நம்பியவையா?

இல்லை. வேதியியலாளர் டேவிட் லாரன்ஸின் குழு சுற்றுப்புறம் மாறினால் ஒளிர்வு மாறும் சாயங்களைப் பெப்டைடில் வைத்து, பிகேசி என்ற கைனேஸை உயிருள்ள செல்லுக்குள்ளேயே பார்த்தது. இதே குழு டைரோசின் கைனேஸ்களுக்கு வேறு தந்திரம் செய்தது. டைரோசினின் வளையத்தோடு பைரீன் ஒட்டிப் படுத்திருந்தால் பைரீன் மங்கும். பாஸ்பேட் வந்ததும் இரண்டும் விலகிப் பைரீன் ஒளிரும்.

புரதத்தை வெட்டும் என்சைம்களான புரோட்டியேஸ்களுக்கு வேலை இன்னும் சுலபம். செல் சாகும்போது விழிக்கும் கேஸ்பேஸ்-3 என்ற என்சைம், அஸ்பார்ட்டேட், குளூட்டமேட், வேலின், அஸ்பார்ட்டேட் என்ற நான்கெழுத்து வரிசையின் முடிவில் வெட்டும். அந்த முடிவில் ஏஎம்சி என்ற கூமரின் சாயத்தை ஒட்டி வைத்தால், வெட்டு விழுந்ததும் சாயம் விடுபட்டு 460 நானோமீட்டர் பக்கம் ஒளிரும்.

ஜீனாகவே செல்லுக்குள் போடும் ஃப்ரெட் சென்சார் இருக்கிறதே. பெப்டைடு எதற்கு?

ஃப்ரெட் சென்சாரில் நீல, மஞ்சள் ஒளிர்புரதங்கள் இரண்டுக்கு நடுவே கைனேஸின் சப்ஸ்ட்ரேட்டையும், பாஸ்பேட் ஒட்டிய சப்ஸ்ட்ரேட்டைப் பிடிக்கும் இன்னொரு துண்டையும் கோத்திருப்பார்கள். பாஸ்பேட் வந்ததும் அந்தத் துண்டு அதைப் பிடிக்கும், மொத்தமும் மடியும், ஒரு புரதத்திலிருந்து மற்றதற்கு ஆற்றல் தாவும் அளவு மாறும். தொலைவின் ஆறாம் அடுக்குக்குத் தலைகீழாக அந்தத் தாவல் குறையும் என்பதால் சில நானோமீட்டர் மாற்றமே போதும். பிகேஏவுக்கான அக்கார் என்ற இத்தகைய சென்சார் 2001-இல் ரோஜர் சியனின் ஆய்வகத்திலிருந்து வந்தது. பச்சை ஒளிர்புரத வேலைக்காக 2008-இல் நோபல் வாங்கிய அதே சியன்தான்.

செல்லின் எந்த மூலையில், எந்த நொடியில் என்று பார்க்க வேண்டுமானால் ஃப்ரெட் சென்சாரை எடுங்கள். அதற்கு ஈடில்லை. ஆனால் அதற்கு ஜீனைச் செல்லுக்குள் கொண்டுபோய் அது புரதமாகும்வரை காத்திருக்க வேண்டும். நோயாளியின் திசுத் துண்டிலோ, உறையவைத்த சாம்பிளிலோ அது நடக்காது. பெப்டைடை லைசேட்டில் நேராகக் கலக்கலாம். சிக்னலும் பல மடங்கு மாற்றமாக வரும். ஃப்ரெட்டில் விகிதம் சில பத்து சதவீதம் மாறினாலே மகிழ்ச்சி. வெளிச்சத்தின் மடங்கை மட்டும் பார்த்து முறையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்கள் கேள்வி எங்கே, எப்போது என்பதா, எவ்வளவு என்பதா? அதைப் பொறுத்துத் தேர்ந்தெடுங்கள்.

பழைய ரேடியோஆக்டிவ் முறையில் என்ன குறை?

நம்பகத்தில் குறை இல்லை. பாஸ்பரஸ்-32 உள்ள ஏடிபியைக் கொடுத்து, பெப்டைடை ஃபில்டர் காகிதத்தில் பிடித்து, கழுவி எண்ணுவார்கள். இன்றும் சந்தேகம் வந்தால் ஒப்பிட அதுதான். ஆனால் ஒவ்வொரு நேரப் புள்ளிக்கும் வினையை நிறுத்தி ஒரு காகிதம் வைக்க வேண்டும். 14.3 நாளில் பாதி கதிரியக்கம் போய்விடும். பாதுகாப்பு ஏற்பாடும் கழிவு அகற்றலும் வேறு. ஒளிரும் பெப்டைடில் வினை நடந்துகொண்டிருக்கும்போதே அரை நிமிடத்துக்கு ஒரு புள்ளி கிடைக்கிறது.

ஒரு மணி நேரம் கழித்து எவ்வளவு வெளிச்சம் என்று எழுதினால் போதாதா?

போதாது. இந்தத் தவறால் வீணான பிளேட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு மாணவி மூன்று வாரம் உழைத்து, தூண்டிய செல்லுக்கும் தூண்டாத செல்லுக்கும் வேறுபாடே இல்லை என்று கண்கலங்கி வந்தார். ஒரு மணி நேரத்தில் பிளேட்டின் எல்லா வெல்லிலும் (குழியிலும்) பெப்டைடு முழுவதும் பாஸ்பேட் ஏறி முடிந்திருந்தது. மெதுவாக ஓடியவரும் வேகமாக ஓடியவரும் கடைசியில் ஒரே கோட்டில் நிற்கிறார்கள், அவ்வளவுதான். அவருடைய தரவிலேயே முதல் சில நிமிடங்களை எடுத்துப் பார்த்தபோது தூண்டிய செல்லின் சரிவு தெளிவாகச் செங்குத்தாக இருந்தது.

அதனால் தொடக்க வேகத்தை எடுங்கள். பெப்டைடில் 10 சதவீதம் மாறும் முன் இருக்கும் நேர்கோட்டுப் பகுதி அது. கணக்கு இப்படி: பெப்டைடு 10 மைக்ரோமோலார். பாஸ்பேட் இல்லாதபோது ரீடர் 200 காட்டுகிறது. முழுவதும் பாஸ்பேட் ஒட்டிய பெப்டைடு அதே செறிவில் 1,200. அப்படியானால் 1,000 அலகு என்பது 10 மைக்ரோமோலார். உங்கள் கோடு நிமிடத்துக்கு 20 அலகு ஏறினால் வேகம் நிமிடத்துக்கு 0.2 மைக்ரோமோலார். வெல்லில் 100 மைக்ரோலிட்டர் இருந்தால் அது நிமிடத்துக்கு 20 பிகோமோல். லைசேட் புரதம் 5 மைக்ரோகிராம் போட்டிருந்தால், ஒரு மைக்ரோகிராமுக்கு நிமிடத்துக்கு 4 பிகோமோல். 10 சதவீதம் என்பது 1 மைக்ரோமோலார். அதாவது முதல் ஐந்து நிமிடம்தான் உங்களுடையது. கோடு அதற்கு முன்பே வளைந்தால் லைசேட்டைக் குறைத்துப் போடுங்கள்.

இந்த 1,200 என்ற எண்ணுக்காகப் பாஸ்பேட் ஒட்டிய பெப்டைடையும் சேர்த்து வாங்க வேண்டும். செலவு என்று தயங்குவார்கள். அது இல்லாவிட்டால் கையில் இருப்பது ரீடரின் அலகு மட்டும்தான். வேறொரு ரீடரோடு ஒப்பிட முடியாது.

அக்கா, என்சைமே போடாத வெல்லிலும் வெளிச்சம் ஏறுகிறது!

பதறாதீர்கள். ஐஸிலிருந்து எடுத்த பிளேட் சூடாகும்போது முதல் சில நிமிடம் எண் நகரும். குமிழி இருந்தாலும் அப்படித்தான். பிளேட்டைப் பத்து நிமிடம் ரீடருக்குள் வைத்துவிட்டு, கடைசியாக ஏடிபியைச் சேர்த்து வினையைத் தொடங்குங்கள். பாஸ்பேட் பஃபரில் செய்தீர்களா என்றும் பாருங்கள். மெக்னீசியத்தோடு சேர்ந்து வெண்படிவு விழுந்தால் எல்லாம் தாறுமாறாகும். ட்ரிஸ் அல்லது ஹெப்பிஸ் போதும்.

ஒவ்வொரு பிளேட்டிலும் நான்கு வெல்களை விட்டுவிடாதீர்கள்: ஏடிபி இல்லாதது, லைசேட் இல்லாதது, பெப்டைடு இல்லாதது, இன்ஹிபிட்டர் (என்சைமைத் தடுக்கும் பொருள்) போட்டது. ஏடிபி இல்லாமலும் ஏறினால் அது கைனேஸின் வேலை அல்ல. முடிந்தால் செரினுக்குப் பதில் அலனின் வைத்த பெப்டைடு ஒன்றும் செய்து வாங்குங்கள். பாஸ்பேட் ஒட்ட அதில் இடமே இல்லை. அதிலும் வெளிச்சம் ஏறினால் மீதி எதையும் நம்பாதீர்கள்.

மூலிகைச் சாறு சேர்த்ததும் வெளிச்சம் டக்கென்று குறைந்தது. இன்ஹிபிட்டர் கிடைத்துவிட்டதா?

இருக்கலாம். ஆனால் பத்தில் பல தடவை அப்படி இல்லை. நம் ஊரில் மாணவர் புராஜெக்ட் என்றால் நிலவேம்பு, மஞ்சள், கரிசலாங்கண்ணி என்று ஏதாவது ஒரு சாறு கட்டாயம் வரும். அதில் தவறில்லை. சாற்றிலுள்ள நிறப்பொருள்கள் என்ன செய்யும் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். குவெர்செட்டின் போன்ற ஃபிளேவனாய்டுகள் 370 நானோமீட்டர் பக்கம் உறிஞ்சும். சாக்ஸுக்குப் போக வேண்டிய ஒளியை வழியிலேயே பிடித்துவிடும். மஞ்சளின் குர்க்குமின் நீல ஒளியை உறிஞ்சும், தானும் ஒளிரும். இவை உலோக அயனியையும் பிடிக்கக்கூடியவை. மெக்னீசியம் பறிபோனால் சாக்ஸ் அணைந்துவிடும். என்சைம் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும்.

சோதிக்கும் வழி சுலபம். முந்தைய கணக்கில் சொன்ன பாஸ்பேட் ஒட்டிய பெப்டைடை எடுங்கள். என்சைம் வேண்டாம், ஏடிபி வேண்டாம். அதன்மேல் சாற்றைச் சேருங்கள். அதிலும் வெளிச்சம் குறைந்தால் குறைத்தது நிறமும் உலோகமும்தான். குறையாமல் நின்று, வினையின் சரிவு மட்டும் குறைந்தால் அப்போது மகிழுங்கள். சேர்த்த அந்த நொடியிலேயே எண் விழுந்தது என்று நீங்கள் சொன்னதே எனக்குச் சந்தேகத்தைத் தருகிறது. இன்ஹிபிட்டர் ஏறும் வேகத்தைக் குறைக்கும். ஏற்கெனவே ஏறிய வெளிச்சத்தை இறக்காது.

ஏடிபி எவ்வளவு போடுவது? கட்டுரைக்குக் கட்டுரை வேறு மாதிரி இருக்கிறது.

கேள்வியைப் பொறுத்தது. பெரும்பாலான கைனேஸ் மருந்துகள் ஏடிபி உட்காரும் பள்ளத்தில்தான் போட்டியிடுகின்றன. ஒரு என்சைமின் ஏடிபி கேஎம் (உச்ச வேகத்தில் பாதியை எட்டத் தேவையான ஏடிபி செறிவு) 20 மைக்ரோமோலார் என்று வைத்துக்கொள்வோம். ஏடிபியும் 20 போட்டால், பாதி வேலையை நிறுத்த மருந்தின் உண்மையான பிணைப்பு மாறிலியைப்போல் இரண்டு மடங்கு செறிவு தேவை. ஏடிபியை 2 மில்லிமோலாராக்கினால் 101 மடங்கு தேவை. செல்லுக்குள் ஏடிபி மில்லிமோலார் அளவில்தான் இருக்கிறது. பிளேட்டில் அருமையாகத் தெரிந்த மருந்து செல்லில் சொதப்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மருந்துகளை ஒன்றோடொன்று ஒப்பிட கேஎம் அளவு ஏடிபி போடுங்கள். செல்லில் என்ன ஆகும் என்று ஊகிக்க 1 மில்லிமோலாரிலும் ஒருமுறை பாருங்கள்.

ஏடிபியும் மெக்னீசியத்தைப் பிடிக்கும் என்பதை மறக்க வேண்டாம். 10 மில்லிமோலார் மெக்னீசியம் வைத்தால் ஏடிபிக்குப் போக சாக்ஸுக்கும் மிஞ்சும்.

லைசேட்டில் எத்தனையோ கைனேஸ் இருக்கும். இது பிகேஏதான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

பெப்டைடை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இதை ஒப்புக்கொண்டுதான் மேலே போக வேண்டும். ஆர்ஜினின் நிறைந்த வரிசையைப் பிகேஏ மட்டும் விரும்புவதில்லை. அதன் உறவினர்கள் பலருக்கும் அது பிடிக்கும். சுத்தம் செய்த என்சைமில் கிடைத்த பொருத்தத்தை அப்படியே லைசேட்டுக்குக் கொண்டுபோவது ஆபத்து.

அடையாளத்தை மூன்று பக்கமிருந்து கட்ட வேண்டும். முதலில், பிகேஏவை மட்டும் குறிவைக்கும் பிகேஐ என்ற இயற்கைப் பெப்டைடு இன்ஹிபிட்டரைப் போடுங்கள். அது நிறுத்தும் பங்குதான் உங்கள் பிகேஏ. நிறுத்தாமல் மிஞ்சுவது மற்றவர்கள். எச்-89 கையில் இருக்கிறது என்று அதை மட்டும் போட்டு முடிவெழுதாதீர்கள். அது வேறு கைனேஸ்களையும் தொடும். அடுத்து, மற்ற கைனேஸ்களின் இன்ஹிபிட்டர்களைக் கலவையாகச் சேர்த்து, பிகேஏவை மட்டும் விட்டுவைத்துப் பாருங்கள். மூன்றாவது, செல்லைத் தூண்டும்போது சரிவு எதிர்பார்த்த திசையில் போகிறதா என்று பாருங்கள். இதற்கு ஃபோர்ஸ்கோலின் நல்ல கருவி. சைக்ளிக் ஏஎம்பியைத் தயாரிக்கும் என்சைமை நேரடியாகத் தட்டி எழுப்பும். சேலம் பக்கம் மருந்துக் கூர்க்கன் என்று பயிரிடும் செடியின் வேரில் இருப்பது இந்த ஃபோர்ஸ்கோலின்தான். பாட்டிலைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் மாணவர்களிடம் இதைச் சொல்லாமல் இருக்க முடிவதில்லை.

எர்க் போல இன்னொரு பிடிமானமும் கேட்கும் கைனேஸ்களுக்கு, சாக்ஸ் உள்ள பெப்டைடோடு எர்க் பிடிக்கும் புரதத் துண்டையே இணைத்து உணரி செய்திருக்கிறார்கள். செய்வது கடினம். ஆனால் குறிப்பாக எர்க்கை மட்டும் பிடிக்க அதுவே நேர்மையான வழி.

செல்லை உடைக்கும்போது பாஸ்படேஸும் வெளியே வருமே. ஒட்டியதையெல்லாம் கழற்றிவிடாதா?

கழற்றும். அதனால்தான் ஐஸில் வைத்து உடைப்பதும், சோடியம் ஃபுளோரைடு, வனடேட், பீட்டா-கிளிசரோபாஸ்பேட் சேர்ப்பதும். இன்னொன்றையும் கவனியுங்கள். கடையில் கிடைக்கும் பல லைசிஸ் பஃபர்களில் இடிடிஏ இருக்கும். அது மெக்னீசியத்தை இறுகப் பிடித்துவிடும். சாக்ஸுக்கும் கிடைக்காது, கைனேஸுக்கும் கிடைக்காது. பஃபர் பாட்டிலின் பின்பக்கத்தை ஒருமுறை படியுங்கள்.

பெப்டைடு பொடியாக வந்திருக்கிறது. எடை போட்டுக் கரைத்தால் சரிதானே?

சரியாகாது. பொடியில் பெப்டைடோடு நீரும் சுத்திகரிப்பிலிருந்து வந்த ட்ரைஃபுளோரோஅசெட்டேட் உப்பும் இருக்கும். ஆர்ஜினின் அதிகமென்றால் உப்பும் அதிகம். 1 மில்லிகிராம் என்று நம்பி நான் ஒருமுறை செய்த கரைசலால் ஒரு மாதத்து கேஎம் மதிப்புகள் எல்லாம் தவறாகப் போயின. மறுபடி முழுவதையும் அளந்தேன். சாக்ஸ் ஒளியை உறிஞ்சும் அளவை வைத்துச் செறிவு கணக்கிடுங்கள். சிறு குழாய்களில் பிரித்து, இருட்டில், உறைநிலையில் வையுங்கள். ஒரே குழாயைப் பத்து முறை உருக்கி உறையவைக்க வேண்டாம்.

உயிரோடு இருக்கும் செல்லுக்குள் இதைப் பார்க்கவே முடியாதா?

பார்த்திருக்கிறார்கள், ஆனால் சாக்ஸுக்கு அது சொந்த வீடு அல்ல. பெப்டைடு தானாகச் சவ்வைத் தாண்டாது. நுண்ணூசியால் ஏற்ற வேண்டும், அல்லது எச்ஐவியின் டாட் புரதத்திலிருந்து எடுத்த ஆர்ஜினின் நிறைந்த வாலைச் சேர்க்க வேண்டும். வால் சேர்த்தால் பெரும்பகுதி, செல் வெளியிலிருந்து விழுங்கியதை வைக்கும் எண்டோசோம் பைகளுக்குள் சிக்கிக்கொள்ளும். புள்ளிப் புள்ளியாக அழகான படம் வரும். அது கைனேஸ் இருக்கும் இடம் என்று எண்ணிவிடுவார்கள். தப்பி உள்ளே போனதையும் பெப்டிடேஸ்கள் மென்றுவிடும். முனைகளை மூடி வைத்தால் கொஞ்சம் தாங்கும்.

அதற்கு மேல் மெக்னீசியம் இருக்கிறது. பிளேட்டில் 10 மில்லிமோலார் கொடுத்தோம். செல்லுக்குள் கட்டற்ற மெக்னீசியம் 1 மில்லிமோலார் அளவுதான், சிலவற்றில் அதற்கும் குறைவு. சாக்ஸின் முழு வெளிச்சம் வராது. 360 நானோமீட்டர் ஒளியில் செல்லில் இயல்பாக இருக்கும் என்ஏடிஎச் மூலக்கூறும் 460 பக்கம் ஒளிர்ந்து பின்னணியை ஏற்றும். உயிருள்ள செல் என்றால் லாரன்ஸ் வழியிலான, மெக்னீசியம் தேவைப்படாத பெப்டைடுகளோ ஃப்ரெட் சென்சாரோதான் என் பரிந்துரை.

உணரியே செல்லின் வேலையில் குறுக்கிடாதா?

குறுக்கிடும். உணரியும் ஒரு சப்ஸ்ட்ரேட்தான். அதிகம் போட்டால் இயற்கையான சப்ஸ்ட்ரேட்டுகளோடு கைனேஸுக்காகப் போட்டியிடும். இரண்டு, மூன்று செறிவில் செய்து, செல்லின் பதில் மாறுகிறதா என்று பாருங்கள்.

எங்கள் கல்லூரியில் பிளேட் ரீடரும் இல்லை, இந்தப் பெப்டைடு வாங்கும் பணமும் இல்லை. என்ன செய்வது?

கியூவெட் வைக்கும் சாதாரண ஃப்ளோரிமீட்டர் ஒன்று இருந்தால் போதும். கைனேஸில் தொடங்க வேண்டாம். ட்ரிப்சினும், ஆர்ஜினினில் முடியும் ஏஎம்சி பெப்டைடும் வாங்குங்கள். வெட்டு விழ விழ வெளிச்சம் ஏறும். தொடக்க வேகம், கேஎம், இன்ஹிபிட்டர், நிறப்பொருள் தரும் போலித் தடுப்பு என்று மேலே சொன்ன அத்தனை பாடத்தையும் இதிலேயே படித்துவிடலாம். சோயாபீனிலிருந்து கிடைக்கும் ட்ரிப்சின் இன்ஹிபிட்டரைப் போட்டால் கோடு படுத்துவிடும். இதைப் பார்த்த மாணவர் என்சைம் தடுப்பு என்றால் என்ன என்பதை மறக்க மாட்டார்.

தூண்டிய செல்லில் பாஸ்போ-பட்டை (வெஸ்டர்னில் பாஸ்பேட் ஒட்டிய புரதத்தின் பட்டை) பெரிதாக இருக்கிறது. ஆனால் பெப்டைடில் இரண்டு சாம்பிளின் வேகமும் ஒன்றுதான். எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம். பட்டை பெரிதானதற்குப் பாஸ்படேஸ் குறைந்ததும் காரணமாகலாம் என்று இரண்டாம் கேள்வியிலேயே பார்த்தோம். அதைவிட அடிக்கடி நடப்பது இன்னொன்று. செல்லுக்குள் பிகேஏ கண்ட இடத்தில் மிதப்பதில்லை. ஏகேஏபி என்ற தாங்கு புரதங்கள் அதை அதன் சப்ஸ்ட்ரேட்டுக்குப் பக்கத்திலேயே கட்டி வைத்திருக்கும். அந்த மூலையில் சைக்ளிக் ஏஎம்பி ஏறினால் அந்த மூலையில் மட்டும் வேலை நடக்கும். செல்லை உடைத்த கணத்தில் மூலைகள் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். அதோடு சைக்ளிக் ஏஎம்பி பல மடங்கு நீர்த்துப்போகும். விடுபட்டிருந்த துணை அலகுகள் மறுபடி பிடிக்குள் போகலாம். நீங்கள் அளந்தது கலந்து நீர்த்த பிறகு இருந்த பிகேஏவை.

இதற்கு நீண்ட நாளாகக் கைக்கொள்ளும் ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு லைசேட்டையும் இரண்டு வெல்லில் போடுங்கள்: ஒன்றில் அப்படியே, இன்னொன்றில் சைக்ளிக் ஏஎம்பி தாராளமாகச் சேர்த்து. இரண்டாவது மொத்தப் பிகேஏவையும் எழுப்பிக் காட்டும். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால், இருந்ததில் எவ்வளவு பங்கு விழித்திருந்தது என்று வரும். செல்லை உடைக்கும் பஃபரின் அளவைக் குறைத்து, உடைத்த சில நிமிடத்திலேயே அளந்து, இந்த விகிதத்தை ஒப்பிடுங்கள். அப்போதும் இரண்டு சாம்பிளும் ஒன்றாக இருந்தால், மாற்றம் ஒரு மூலையில் மட்டும் நடக்கிறதா என்று தேட வேண்டும். அந்த வேலைக்கு ஃப்ரெட் சென்சாரை அந்த மூலைக்கே அனுப்பிப் பார்ப்பதுதான் சரி.